நீ என்ன பண்ணின?

ராத்திரி இரண்டே கால். ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகும் சாலை. ஒரு பக்கம் மூடிப்போன சிமென்ட் ஆலை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை... ஒன்றுமே இல்லாததுதான் ராத்திரியில் ரொம்பப் பெரிதாகத் தெரியும்.

அந்தச் சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் காலியாக வந்துகொண்டிருந்தது. போகும்போது ஆள் இருந்தது, வரும்போது இல்லை. ஸ்ட்ரெச்சரின் பெல்ட் மட்டும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்பியில் தட்டியது. டிணுக்... டிணுக்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் அந்தக் கதவைச் சாத்திவிடலாம். இது எங்கேயோ படித்தது இல்லை. அந்த ஆம்புலன்ஸை ஓட்டியவன் நம் நண்பனுக்கு நண்பன். நடந்தது அவனுடைய அக்கா வீட்டில்.

டிரைவர் பயந்த சுபாவம் இல்லை. யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "என் வண்டியில ஏறாத பேயா? இதுவரைக்கும் ஒருத்தன் திரும்பி வந்து தேங்க்ஸ்கூடச் சொன்னதில்ல" என்பான். அப்படிப்பட்டவனுக்கு அன்றைக்குப் போன் வந்தது. அக்கா.

"தம்பி... எங்கடா இருக்க? மாமாவுக்குக் காதுல ரத்தம் வருது."

"விழுந்துட்டாரா?"

"இல்ல."

"யாரு அடிச்சது?"

போனுக்குள் ஏதோ மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய விசிறி இல்லை. சின்னச் சின்னதாக நாலைந்து, ஒரே சுருதியில்.

"யாரும் இல்லடா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்... யாரும் இல்ல."

இந்த இடத்தில் மாமாவை, அதாவது அக்காவின் புருஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். அதைவிட இது மேல்.

குடும்பத்தில் அவருக்குப் பெயர் விஞ்ஞானி. வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் பட்டமளிப்பு விழாவில் வாங்கிக்கொண்டதுபோல ஏற்றுக்கொண்டார். வேலை ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கும் டிவி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதை யாரு வாங்கச் சொன்னது?" என்பார். கழற்றிப் பார்ப்பார். மறுபடி மூட்டியதும் இரண்டு திருகாணி மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் சும்மா எடைக்குப் போடுறான்" என்று அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம் அந்த மோட்டாரில் தண்ணீர் வந்ததாக வரலாறு இல்லை.

'தப்பு என்னுது' என்ற இரண்டு வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாக்கியம் வைத்திருந்தார். பல்பு எரியாவிட்டாலும் சரி, பூட்டு திறக்காவிட்டாலும் சரி, வெளியே மழை பெய்தாலும் சரி... மெதுவாக அக்கா பக்கம் திரும்புவார்.

"நீ என்ன பண்ணின?"

இலக்கணப்படி பார்த்தால் அது கேள்வி. அந்த வீட்டில் அது தீர்ப்பு. கை ஓங்கியதே இல்லை, அது உண்மை. அதை அவரே அடிக்கடி, விருதுக்கு மனுப் போடுகிறவர் மாதிரி எடுத்துச் சொல்வார்.

அக்கா கட்டட எஞ்சினியர்களுக்காகக் கம்ப்யூட்டரில் மாடல் வரைந்து கொடுப்பவள். எந்தச் சுவர் எங்கே, ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு எவ்வளவு வெயில் விழும் என்பதெல்லாம் திரையில் நிஜம்போலத் தெரியும். ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் வந்திருந்தது. அதை நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால் அந்த அலுவலகத்திலேயே நிரந்தர வேலை. பழைய மெஷின் அந்தக் கட்டடத்தைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியது. ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள்.

"கடையிலயா? நான் உயிரோட இருக்கும்போதா?" என்றார் விஞ்ஞானி.

தானே மெஷின் கட்டுவதற்காகச் சாப்பாட்டு மேஜை ஒரு வாரம் அவர் வசம் போனது. சாப்பாடு தரைக்கு இறங்கியது. கம்ப்யூட்டர் பெட்டியாகப் பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினட், அதற்குள் நாலைந்து விசிறி, எல்லாவற்றிலும் கலர் விளக்கு. எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டு பலகையில் ரேம் செருக நாலு இடம். புது ரேம் இரண்டு வாங்கியிருந்தார். வேலைக்கு அதுவே போதும். ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மிச்ச இரண்டு இடமும் பல் விழுந்த வாய்போலத் தெரிந்தது. நாலும் எரிந்தால்தானே அழகு? அதே மாதிரி இன்னொரு ஜோடி புதிதாகக் கிடைக்காமல், பழைய சாமான் கடையில் இரண்டைத் தேடிப் பிடித்தார். லேபிளில் அதே கம்பெனி, அதே வேகம். நாலையும் செருகினார். டிக், டிக். வேகத்தை உச்சத்தில் வைத்தார். போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் ஒரு நீண்ட உரையோடு போட்டார். 'நானே நிர்மாணித்தது' என்று ஆரம்பித்தது அந்த உரை. அணைக்கட்டுக்கு எழுதுவது மாதிரி.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேம் என்பது கம்ப்யூட்டரின் ஞாபகம். ஆனால் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் ஞாபகம். கரண்ட் போனால் துடைத்த சிலேட்டு. அதில் எதுவும் தங்காது... தங்கவே முடியாது. இதை மட்டும் மனசில் போட்டு வையுங்கள்.

புது மெஷின் முதல் நாளே நின்றது. திரை நீலமாகும், அணையும், தானாகத் திரும்ப எழும். அக்கா கட்டிய மாடிப்படி, கழிப்பறை வரிசை, விளையாட்டுக் கூடம் எல்லாம் காணாமல் போயிருக்கும். முதல் இரண்டு தடவை விஞ்ஞானி வேலைக்குப் போயிருந்தார். மூன்றாவது தடவை, அந்த ராத்திரி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

திரை நீலமானது. விசிறிகள் எல்லாம் ஒன்றாக வேகமெடுத்தன... ஊஊ என்று மேலே மேலே போய்... சட்டென்று நின்றன. அந்த நிசப்தத்தில் அவர் கேட்டார்.

"நீ என்ன பண்ணின?"

பளார்.

ஈரத் துணியைக் கல்லில் அறைந்த சத்தம். விஞ்ஞானி நாற்காலியோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தார். இடது காதிலிருந்து ரத்தம் மெல்லிய கோடாகக் கழுத்துக்குள் இறங்கியது. கன்னத்தில் நாலு விரல், அதில் ஒரு விரலின் அடியில் சதுரமாக ஒரு பள்ளம். தடித்த மோதிரம். அக்காவின் விரல்கள் மெலிசு. அவள் மோதிரமே போடுவதில்லை.

அறையில் ஒரு வாசனை. சவரம் செய்ததும் ஆண்கள் தடவிக்கொள்வார்களே, அந்த லோஷன். விஞ்ஞானிக்குத் தாடி உண்டு. அந்த வீட்டில் லோஷன் பாட்டில் கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவளை வெளியே அனுப்பிவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்றார்.

விஞ்ஞானி செவிப்பறை கிழிந்த காதோடு அவருக்கு வகுப்பு எடுத்தார். "கேபினட்ல ஸ்டாட்டிக் கரண்ட் சேரும் டாக்டர். அது ஒரே வழியா டிஸ்சார்ஜ் ஆகும்போது காத்துல ஒரு அதிர்வு..."

"ஸ்டாட்டிக் மோதிரம் போட்டிருந்துச்சா சார்?" என்றார் டாக்டர்.

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் கடைசியாக வந்த சிரிப்பு.

காதில் பஞ்சோடு விஞ்ஞானி கோளாறு கண்டுபிடிக்க உட்கார்ந்தார். டிரைவர் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாலு ரேமையும் கழற்றினார். பொன்னிறப் பல் வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். ஊதினார். செருகினார். ஆன் பண்ணினார். பத்து நிமிஷம் ஓடியது. நின்றது. விசிறிகள் ஊஊ என்று எழுந்து அடங்கின. அவருடைய வலது கை கேபினட் மேல் இருந்தது. அக்கா சமையலறையில் இருந்தாள். அவர் அந்தப் பக்கம் கழுத்தை நீட்டினார்.

"இப்ப நீ என்ன பண்ணின?"

டிரைவர் கண்ணால் பார்த்தது இது. மாமாவின் நடுவிரல் தானாக எழுந்தது... யாரோ புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல, மெதுவாக, பின்பக்கமாக. மாமா அதையே வேடிக்கை பார்த்தார். தன் விரல் என்று அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

சடக்.

அடுத்த விரல். சடக்.

அதற்கடுத்தது. சடக்.

எலும்பு முறியும் சத்தம் டிரைவருக்குப் புதிதில்லை. ஆனால் இத்தனை நிதானமாக அவன் கேட்டதில்லை. பழக்கப்பட்ட கை செய்த வேலை. மூன்று விரலும் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தன. அதற்கப்புறம்தான் மாமா அலறினார். சோபா வரைக்கும் லோஷன் வாசனை அடித்தது.

"மாமா, அந்தப் பழசு ரெண்டையும் கழட்டிப் போடுங்க. இல்லைன்னா வேகத்தையாவது குறைங்க" என்றான் டிரைவர், மாமா கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில்.

"குறைக்கிறதா? குரூப்ல அத்தனை பேருக்குச் சொன்னதுக்கு அப்புறமா? உங்க பெரியப்பா கேட்டா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது மாப்ள?"

மூஞ்சி இருந்தால்தானே வைத்துக்கொள்ள? அதை டிரைவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்தது விலா. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெஷின் நின்றது. அவர் கேட்டார். இந்தத் தடவை அது கை இல்லை, கால். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே விழுந்த உதையில் விஞ்ஞானி எதிர்ச் சுவரில் போய் மோதினார். காரை பெயர்ந்து விழுந்தது. தரையில் கிடந்தவரை மறுபடி ஒரு உதை. மறுபடி ஒன்று. மூட்டையை உதைக்கிற சத்தம்... தொப்... தொப்... சுவரின் அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

அக்கா ஓடி வந்து குறுக்கே விழுந்தாள். அவள் மேல் ஒரு அடிகூடப் படவில்லை.

டிரைவர் அவரை இழுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனான். குறுகலான மாடிப்படி, மேலே ஒரே அறை. துணி காயப்போட்டதுபோலக் கொடியில் மதர்போர்டுகள் தொங்கின. ஈயம் உருகும் நெடி. கடைக்காரர் தலையைத் தூக்கி விஞ்ஞானியைப் பார்த்தார். காதுப் பஞ்சு, விரல் கட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. வந்த விஷயத்தை இவர்கள் இன்னும் சொல்லவே இல்லை.

"காதுல ஆரம்பிச்சுதா சார்?" என்றார் கடைக்காரர். "அப்புறம் விரல்... இப்ப விலாவா?"

டிரைவர் மாமாவைப் பிடித்திருந்த கையை எடுத்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ரேம் வந்த வீட்ல அதான் வரிசை." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அங்கயும் ஒருத்தர், தானே மெஷின் கட்டுறவர். அது நின்னா பொண்டாட்டியக் கூப்பிடுவாராம். நீ என்ன பண்ணினன்னு கேப்பாராம். அப்புறம் சுவத்துல சத்தம் கேக்குமாம். பக்கத்து வீட்டம்மாதான் சொன்னாங்க, சாமான் எடுக்கப் போனப்ப. டிவிய சத்தமா வெச்சுப்போம், வேற என்னங்க பண்றதுன்னாங்க. முதல்ல காது. அப்புறம் விரல். விலா. தாடை."

"அப்புறம்?"

கடைக்காரர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"அப்புறம்தான் சார் சாமான் விலைக்கு வந்துச்சு."

"அந்த ஆளு செத்துட்டானா?" என்றான் டிரைவர். மோதிரமும் லோஷனும் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவனா? ஜெயில்ல இருக்கான். நல்லா சாப்பிட்டுக்கிட்டு, உயிரோட. செத்தது அந்தப் பொண்ணு."

அப்படியானால் வருவது யார்? செத்தவள் வந்தால் பேய் என்று சொல்லிவிடலாம். உயிரோடு இருக்கிறவனின் கை எப்படி வரும்? இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை. நீங்களும் முயற்சி செய்ய வேண்டாம்.

"இது தெரிஞ்சும் எங்க தலையில கட்டினீங்களா?"

"நான் வேண்டாம்னேனே. இவருதான், 'எனக்குத் தெரியாததா, லைட் எரியுதா அது போதும்'னாரு. திருப்பி எடுக்கிறதில்ல சார். அங்க போர்டுலயே போட்டிருக்கு பாருங்க."

படி இறங்கும்போது விஞ்ஞானி ஒவ்வொரு படிக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினார். முனகலுக்கு நடுவே விளக்கமும் வந்தது. "மாப்ள... ரேம்ல கரண்ட் போனா... எதுவும் தங்காது. அடிப்படை அறிவியல்... படிக்காதவன் பேச்சக் கேட்டு..."

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன். அதக் கழட்டிடுங்க. கழட்ட மனசு வரலைன்னா அந்தக் கேள்விய மட்டும் கேக்காதீங்க. அதக் கேட்டாத்தான் அடி விழுது. மூணு தடவையும் பாத்தேன்."

"எந்தக் கேள்வி?"

"அதான்... நீ என்ன பண்ணினன்னு."

விஞ்ஞானி நிஜமாகவே திகைத்தார். "நானா? நான் எங்க கேட்டேன்? எப்ப கேட்டேன்?"

அவருக்குத் தெரியவே தெரியாது. தும்முகிறவன் தும்மலை எண்ணி வைப்பானா?

சனிக்கிழமை ராத்திரி இறுதிச் சோதனை என்று அறிவித்தார். டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். மெமரி சோதிக்கும் புரோகிராம் ஒன்று பென்டிரைவில் இருந்தது. ஒவ்வொரு ரேமாகத் தனியாகச் செருகி ஓட்ட வேண்டும். தப்பு இருந்தால் சிவப்பு வரி வரும். விரல் கட்டோடு அவரால் தட்ட முடியாது என்பதால் அக்காவைத் திரைக்கு முன்னால் உட்காரச் சொன்னார். அவள் வெறும் காலோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னாள்.

முதல் புது ரேம். சுத்தம். இரண்டாவது. சுத்தம். பழையதில் ஒன்றை எடுத்துச் செருகும்போது டிரைவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். டிக், டிக். பச்சை எண்கள் ஓடின... ஓடின... சுத்தம். மற்றதும் சுத்தம்.

விஞ்ஞானியின் முகம் தேர்தலில் ஜெயித்தவர் முகமானது. "பாத்தியா மாப்ள? பேயாம், வரிசையாம்! இப்ப நாலையும் ஒண்ணாப் போடறேன்."

நாலையும் போட்டார். சோதனை ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பச்சை. அப்புறம் ஒரு சிவப்பு வரி. அப்புறம் இரண்டு. அப்புறம் திரை முழுக்கச் சிவப்பு மேலிருந்து கீழே ஒழுகியது. ஊமை மழை மாதிரி. அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டாள். விசிறிகள் எழுந்தன. ஊஊ... நின்றன.

கலர் விளக்குகள் மட்டும் எரிந்தன. விஞ்ஞானி இடது கையை உயர்த்தினார். வாதத்தை முடித்து வைக்கும் வக்கீலின் கை.

"ரேம்ல தப்பு இல்ல, நிரூபிச்சாச்சு. போர்டுல தப்பு இல்ல, அதுவும் நிரூபிச்சாச்சு. நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன். அப்ப மிச்சம் இருக்கிறது யாரு?" அக்கா பக்கம் திரும்பினார்.

"மாமா!" என்று டிரைவர் பாய்ந்தான்.

"நீ என்ன பண்—"

சத்தம் ஒரு தடவைதான் கேட்டது. தேங்காயைச் சிதறுகாயாக அடித்ததுபோல என்பார்களே, அது இல்லை. கனமான கதவை ஒருவன் மூஞ்சியில் அறைந்து சாத்திய சத்தம். தாடை இடமிருந்து வலமாகப் போனது. போன இடத்திலேயே நின்றது. இரண்டு பல் கீபோர்டில் விழுந்தது... டக்... டக்... நின்றுபோயிருந்த திரையிலும் அதற்கேற்ப இரண்டு எழுத்து வந்தது. விஞ்ஞானி முன்பக்கமாகச் சரிந்தார். வாயிலிருந்து ரத்தம் மேஜை விளிம்பைத் தாண்டிக் கீழே கொட்டியது. அக்காவின் வெறும் கால்கள் மேல்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால்களை நகர்த்தவும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள், அது கொட்டி முடிகிற வரைக்கும்.

டிரைவர் மாமாவை வண்டியில் ஏற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட உள்ளே வந்தபோது, அவள் குழாயடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். ரத்தம் எப்போதோ போய்விட்டது. தெளிந்த தண்ணீர்தான் ஓடியது. இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சூடா இருந்துச்சுடா தம்பி" என்றாள். "அது அவ்வளவு சூடா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

இந்தத் தடவை டாக்டர் எதுவும் கேட்கவில்லை. கீழ்த்தாடையையும் மேல்தாடையையும் கம்பி போட்டுக் கட்டினார். வாய் திறக்க முடியாது, ஆறு வாரம். ஸ்ட்ராவில் சூப். விஞ்ஞானி அந்த ஆறு வாரத்தில் சொன்னதெல்லாம் "ம்ம்" மட்டும். அவர் உலகத்துக்குச் செய்த பெரிய சேவை அதுதான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வந்து பார்த்தவர்கள் தங்கள் டிவியைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் அவர் எதிரிலேயே மனம் விட்டுப் பேசினார்கள்.

அந்த மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அக்கா ராப்பகலாக உட்கார்ந்து பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்தாள். கடைசி ஜன்னலில் வெயில் விழுந்தது. வேலையும் கிடைத்தது. ஆனால் டிரைவர் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தான். அக்கா சிரித்தாள், சாப்பிட்டாள், பேசினாள். மாமா தொண்டையைச் செருமினால் மட்டும் அவள் கை அப்படியே நின்றுவிடும். செருமல் அடங்கியதும் மறுபடி ஓடும்.

கம்பி வெட்டிய நாள் வந்தது. வாய் திறந்ததும் விஞ்ஞானி முதலில் பேசியது டாக்டரிடம். கம்பியின் தரத்தைப் பற்றி.

திரும்பும்போது டிரைவர் வண்டியை ஓரம் கட்டினான். "மாமா, இனிமே ஒண்ணுதான் மிச்சம். கடைக்காரர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? அந்தக் கேள்விய நீங்க..."

"கேக்க மாட்டேன் மாப்ள." குரல் குழறியது. முதல் தடவையாக அவர் கண்ணில் பயம் தெரிந்தது. நிஜமான பயம். "சத்தியமா கேக்க மாட்டேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக மெஷினிடம் போனார். அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். நாலில் இரண்டு இடம் காலியாக இருந்தது.

"பழசு ரெண்டும் எங்க?"

"சாக்கடையில போட்டுட்டேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே. அதுக்கப்புறம் இது ஒரு தடவைகூட நிக்கல."

விஞ்ஞானி பெருமூச்சு விட்டார். உடம்பு முழுக்கத் தளர்ந்தது. பிறகு, பாவம், பழக்கம் விடுமா? மார்பை நிமிர்த்தினார். "நானே கழட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய்தான் கட்டியிருந்துச்சே."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப தப்பு அந்த ரெண்டுலதான். இல்லீங்களா?"

"ம்... அப்படியும் சொல்லலாம்."

"அத வாங்கிட்டு வந்து மாட்டினது யாருங்க?"

டிரைவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். இரண்டே வார்த்தை. தப்பு, என்னுது. சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லுங்க மாமா... சொல்லித் தொலைங்க... விஞ்ஞானியின் ஒட்ட வைத்த தாடை அசைந்தது. 'த' என்று ஆரம்பிக்கக்கூடச் செய்தார். சத்தியமாக.

"த... தப்புன்னு அத சொல்ல முடியாது. தனித்தனியா நல்ல ரேம்தான். காம்பினேஷன்தான்..."

திரை நீலமானது.

உள்ளே இருந்தவை புது ரேம் இரண்டும்தான். பழையவை சாக்கடையில் எங்கோ போயிருக்கும். ஆனாலும் திரை நீலமானது. விசிறிகள் எழுந்தன... ஊஊ... மேலே மேலே போய்... நின்றன.

வாசல் வரைக்கும் லோஷன் வாசனை வந்தது. அப்போதுதான் சவரம் செய்த முகம் பக்கத்தில் வந்து நிற்பதுபோல.

விஞ்ஞானி திரையைப் பார்த்தார். மெதுவாக, கழுத்தில் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல, அக்கா பக்கம் திரும்பினார். கண் வேண்டாம் வேண்டாம் என்றது. வாய் திறந்தது.

டிரைவர் கத்தினானா, அவனுக்கே ஞாபகம் இல்லை. கால் நகரவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடியது மட்டும் கேட்டதாம்.

"நீ..."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வெறும் கால்கள் இரண்டையும், அவசரமே இல்லாமல்... தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள்.